நைனா கழற்றிக் கொடுத்த செருப்பு

பர்மாவிலிருந்து கால்நடையாக வந்த ஒருவனுக்கு நைனா தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்த கதையை எங்கள் ராயபுரத்தில் கேட்காதவர்கள் குறைவு. கல்யாண வீட்டில் சொல்வார், சாவு வீட்டில் சொல்வார், சவரக் கடையில் முகமெல்லாம் சோப்பு நுரையோடு உட்கார்ந்தும் சொல்வார். சுதந்திரம் வந்த வருஷம், சிந்துப் பக்கத்திலிருந்து வந்த ஜனங்களுக்குத் துணிமணி சேர்க்கிறோம் என்று தெருமுனையில் ஒரு கூட்டம் போட்டார்கள். அதிலும் மைக்கைப் பிடித்துக்கொண்டு அதையேதான் சொன்னார்.

"அகதின்னா இன்னான்னு எனக்குத் தெரியும்யா. நானும் அகதியா போயி கஷ்டப்பட்டவன்யா!" என்று மார்பில் அடித்துக்கொண்டார். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

கதையில் பொய் கிடையாது. செருப்பைக் கொடுத்தது வாஸ்தவம்தான், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஆனால் அந்த மனுஷர் கதையை நடுவிலிருந்து ஆரம்பிப்பார். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

நைனா என்பது அவர் பெயரல்ல. எங்கள் ஒண்டுக் குடித்தன வீட்டில் எல்லாருக்கும் அவர் நைனாதான். துறைமுகத்தில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறடி உயரம், வெள்ளை மீசை, தோளில் எப்போதும் ஒரு துண்டு. அவ்வளவு இரக்கமுள்ள மனிதரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. என்ன, அந்த இரக்கத்துக்கு ஒரு மைல் தூரமாவது வேண்டும். பீகாரில் பூகம்பம் என்று பேப்பரில் படித்தால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. வாசலில் ஒருவன் வந்து தண்ணீர் கேட்டால், எந்த ஊர், என்ன ஜாதி, இங்கே என்ன வேலை என்று விசாரித்து முடிப்பதற்குள் அவனே எச்சிலை விழுங்கிக்கொண்டு போய்விடுவான்.

வீட்டில் ஐந்து குடித்தனம். வீட்டுச் சொந்தக்காரர் யானைக்கவுனியில் இருந்தார், இந்தப் பக்கம் தலைகாட்டுவதே இல்லை. முப்பது வருஷமாக இருக்கிறவர் என்பதால் நைனா வைத்ததுதான் சட்டம். யார் குடிவரலாம், யார் காலி பண்ணவேண்டும் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் யானைக்கவுனியில் தலையாட்டிவிடுவார்கள். முற்றத்தில் ஒரே ஒரு குழாய். காலையில் ஒன்றரை மணி நேரம் தண்ணீர் வரும். குடித்தனம் வந்த வரிசைப்படிதான் குடம் வைக்கவேண்டும். முதல் குடம் நைனாவுடையது, கடைசிக் குடம் என்னுடையது. நான் அப்போது கல்யாணமாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பல நாள் என் முறை வருவதற்குள் குழாய் வெறும் காற்றைத்தான் விடும்.

"வரிசைன்னா வரிசைதான். நேத்து வந்தவங்க முந்தாநேத்து வந்தவங்களத் தாண்ட முடியுமா?" என்பார். இவருடைய அப்பா பஞ்சத்தில் நெல்லூர்ப் பக்கமிருந்து இடுப்புத் துணியோடு வந்தவர் என்று தெருவில் பழைய ஆட்களுக்குத் தெரியும். அதை ஞாபகப்படுத்தத்தான் யாருக்கும் தைரியமில்லை.

யுத்தம் வந்தது. ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். கப்பலிலும் ரயிலிலுமாக ஜனங்கள் வந்து இறங்க ஆரம்பித்தார்கள். தெருவில் ஒரு நிவாரணக் கமிட்டி வைத்தார்கள். அதற்குத் தலைவர் வேறு யார்? சட்டையில் ஒரு பட்டையைக் குத்திக்கொண்டு, துறைமுக வாசலில் நின்று, கஞ்சியைத் தன் கையாலேயே ஊற்றினார். ஊற்றும்போதே அழுதார். ஒரு நாள் சாயங்காலம் உணர்ச்சி ரொம்பவும் பொங்கிவிட்டது. சாமான் பெட்டி ஒன்றின்மேல் ஏறி நின்று, "அது நம்ம சனம்யா! வூட்டுக்கு ஒரு குடும்பத்த இஸ்துக்கினு போயி வெச்சிக்கணும்யா!" என்று கத்திவிட்டார்.

கமிட்டியில் ஒரு கதர்ச்சட்டைப் பையன், காலேஜில் படிக்கிறவன். அதை நிஜமென்று நம்பிவிட்டான். மறுநாள் காலை ஒரு பெண்ணையும் பத்து வயதுப் பெண் குழந்தையையும் அழைத்துக்கொண்டு வந்து நின்றான். நைனா துண்டு கட்டிக்கொண்டு கரித்தூளில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, நேற்று நீங்கள் பேசினது மனசைக் கலக்கிவிட்டது. முதல் குடும்பம் உங்கள் வீட்டுக்குத்தான் என்று முடிவு பண்ணினோம்" என்றான் பையன்.

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. நைனா கரியைத் துப்பி, வாய் கொப்பளித்து, இன்னொரு தடவையும் கொப்பளித்தார். அதற்குமேல் கொப்பளிக்க முடியவில்லை. "ஒரு மாசம்" என்றார்.

விறகு போட்டுவைக்கிற பின்னறையை ஒழித்துக் கொடுத்தார்கள். அந்தப் பெண்ணின் பெயர் செல்லம்மா. ராமநாதபுரத்துப் பக்கத்துக் குடும்பம், இரண்டு தலைமுறையாக ரங்கூனில் இருந்தவர்கள். செல்லம்மா என்று எங்கள் வீட்டில் யாரும் அவளைக் கூப்பிட்டதாக எனக்கு ஞாபகமில்லை. ரங்கோன்காரி, அவ்வளவுதான். குழாயடியில் அவள் குடம் எனக்குப் பின்னால் வந்தது. முதல்முறையாக எனக்குப் பின்னால் ஒரு குடம்! பொய் சொல்வானேன், எனக்கு அன்றைக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அவள் புருஷன் ரங்கூனில் அரிசி மில்லில் வேலை பார்த்தவர். மூன்று பேரும் மலைப் பாதையில் நாள்கணக்காக நடந்திருக்கிறார்கள். ஓர் ஆற்றங்கரையில், படகில் பொம்பளைகளையும் பிள்ளைகளையும் மட்டும் ஏற்றியிருக்கிறார்கள். அடுத்த படகில் வருகிறேன் என்றாராம் அவர். அக்கரையில் ஆறு நாள் காத்திருந்தும் அந்த அடுத்த படகு வரவில்லை. அந்தக் கதர்ச்சட்டைப் பையன் வழியிலிருந்த முகாம்களுக்கெல்லாம் கார்டு எழுதிப் போட்டிருந்தான். இந்தத் தெரு, இந்த நம்பர், ராயபுரம், சென்னை.

"அவுக உசுரோட இருந்தா இந்த விலாசத்துக்குத்தான் வருவாக தங்கச்சி. வேற எங்கனயும் எங்களத் தேடத் தெரியாது" என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். வீட்டில் மற்றவர்களுக்கு அது விறகு அறை. அவளுக்கு அது விலாசம்.

இரண்டாம் வாரத்திலேயே நைனாவின் இரக்கத்துக்கு மூச்சு முட்டத் தொடங்கிவிட்டது. ஒரு மைல் தூரத்திலிருந்த அகதி பன்னிரண்டு அடி தூரத்துக்கு வந்துவிட்டால் மனுஷர் என்னதான் செய்வார்? அவள் கருவாடு சுட்டால் வீடே நாறுகிறது என்றார். மீன்பிடிக் குப்பங்கள் நிறைந்த ராயபுரத்தில் கருவாட்டு நாற்றம் என்று ஒருவர் புகார் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் இருமினால் காலரா என்பார். குழந்தை ஏதோ பர்மியப் பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டிருக்கும். அதைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "இன்னா பாஷ அது? ஜப்பான்காரனுக்கு எதுனா சமாச்சாரம் அனுப்பிக்கினு கீதா?" என்று என்னிடமே கேட்டார். பத்து வயதுக் குழந்தை! அதற்கு ஜப்பானில் யாரைத் தெரியும்?

தினமும் காலையில் குழாயடியில் மூன்று கேள்வி. நேற்றுச் சொன்ன பதில் ராத்திரியோடு மாறிவிட்டிருக்குமோ என்பது போலக் கேட்பார்.

"எங்கேர்ந்து வர்றே?"

"ரங்கூன் நைனா."

"எதுக்கு வந்தே?"

"குண்டு போட்டாக நைனா."

"எத்தினி நாளு இருப்பே?"

"அவுக வந்ததும் போயிருவோம் நைனா."

ஏப்ரல் மாதம் வந்தது. ஜப்பான் கப்பல்கள் வங்காள விரிகுடாவில் நிற்கின்றன, பட்டணத்தில் வேலை இல்லாதவர்கள் வெளியூர் போய்விடலாம் என்று சர்க்காரே சொல்லிவிட்டது. மூன்றே நாளில் தெரு காலி. எங்கள் வீட்டில் முதலில் மூட்டை கட்டியவர் நைனாதான். அரக்கோணத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில், செத்துப்போன தன் பெண்சாதியின் தங்கை வீட்டுக்குப் போகலாம் என்றார். என் வீட்டுக்காரர் துறைமுகத்து ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். அவருக்கு லீவு கிடையாது, அங்கேயே படுத்துக்கொள்ள உத்தரவு. எனக்கு வயிற்றில் ஐந்து மாதம். அதனால் என்னை நைனாவோடு அனுப்பினார்.

மூட்டை கட்டும்போது செல்லம்மா ஒவ்வொரு குடித்தனமாக வந்து நின்று, கெஞ்சாத குறையாகச் சொன்னாள். "உப்பு எடுத்துக்கங்க, தீப்பெட்டி எடுத்துக்கங்க. ஒரு கயிறு, கொஞ்சம் வெல்லம். கால்ல செருப்பு இருக்கணும், அதுதான் முக்கியம். மத்ததெல்லாம் வழியில போட்டுட்டுத்தான் போவீக."

நைனா சுவர்க் கடிகாரத்தை மெத்தைக்குள் வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்றபோது துரை கொடுத்த கடிகாரம். "எங்களுக்கு நீ சொல்லித்தர்றியாமே? நாங்க இன்னா உன்ன மாரி அகதியா? சொந்தக்காரங்க வூட்டுக்குப் போறோம்" என்றார்.

அவள் எங்களோடு வரவில்லை. இனி நடக்க முடியாது என்றாள். அவள் போய்விட்டால் விலாசத்தில் யார் இருப்பது? அவளுக்குக் கொடுத்த ஒரு மாதம் அந்த வாரத்தோடு முடிகிறது. காவலுக்கு ஆள் வேண்டுமே, அதனால் நைனா பெரிய மனசு பண்ணினார். "நாங்க வர்ற வரிக்கும் இருந்துக்கோ" என்று சாவியைக் கொடுத்தார். பாத்திரங்களை எண்ணி வைத்திருப்பதையும் சொல்லிவிட்டுத்தான் கொடுத்தார்.

பேசின் பிரிட்ஜில் ரயில் ஏறினோம். ஏறினோம் என்பது மரியாதைக்கு. ஜன்னல் வழியாக எங்களை உள்ளே திணித்தார்கள். அந்த நெரிசலில் நைனாவின் ஒரு செருப்பு பிளாட்பாரத்திலேயே விழுந்துவிட்டது. ஒற்றைச் செருப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று இன்னொன்றையும் விட்டெறிந்தார். அரக்கோணத்தில் ஒரு வண்டிகூடக் கிடைக்கவில்லை. எட்டு மைல் நடை, ஏப்ரல் வெயில். நைனா வெறுங்காலோடு கடிகாரத்தைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். அது நாலரை மைலில் நின்றுவிட்டது. அவர் நிற்க முடியுமா?

கொழுந்தி வீட்டில் எங்களுக்கு மாட்டுக் கொட்டகையைக் கொடுத்தார்கள். குறை சொல்லமாட்டேன், மாடுகளை ஒரு பக்கமாக ஒதுக்கிக் கட்டினார்கள். மூன்றாம் நாள் காலை ஊர்க் கிணற்றுக்கு நைனாவும் நானும் போனோம். அவர் பழக்கதோஷத்தில் முதல் ஆளாகப் போய்க் குடத்தை வைத்தார். ஒரு நடுத்தர வயசுப் பெண் அதைக் காலால் தள்ளி ஓரமாக வைத்தாள்.

"நீங்க எங்கேர்ந்து வந்தீங்க?" என்றாள்.

"பட்டணம்மா. ராயபுரம்."

"எதுக்கு வந்தீங்க?"

நைனா ஓரமாகப் போன தன் குடத்தைப் பார்த்தார். "ஜப்பான்காரன் குண்டு..."

"எத்தினி நாளு இருப்பீங்க?"

நான் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். சிரிப்பு ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. மூன்று கேள்வியும் அதே வரிசையில் வந்தன.

"நான் அறுவது வயசுக்காரன்மா" என்றார் நைனா.

"இந்த ஊருக்கு வந்து மூணு நாளுதானே ஆச்சி? எல்லாரும் மொண்டப்புறம் மொண்டுக்கோங்க. பட்டணத்துச் சீக்கு எங்க கெணத்துல வாணாம்."

அன்றைக்குக் கொட்டகையில் சாணி நடுவே உட்கார்ந்து, கொப்புளம் உடைந்த காலைப் பிடித்துக்கொண்டு அவர் குழந்தை மாதிரி அழுதார். "உசுருக்குப் பயந்து ஓடியாந்தவங்கிட்ட எத்தினி நாளுன்னு கேக்கறாளே! மனுசங்களா இவங்கல்லாம்? ஈரம் வாணாம்?" என்றார். எனக்கு அவர்மேல் முதல்முறையாக நிஜமான பாசம் வந்தது. பாவம் கிழவர், இனிமேல் இவருக்குப் புரிந்துவிடும் என்று நினைத்தேன். அப்போது எனக்கு இருபது வயது. அப்படியெல்லாம் நினைக்கத் தோன்றும்.

ஐந்து வாரம் கழித்துத் திரும்பினோம். வீட்டைச் செல்லம்மா கண்ணாடி போல வைத்திருந்தாள். ஒரு கரண்டிகூடக் குறையவில்லை. நைனா இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். ஆறாமல் கிடந்த அவர் காலைப் பார்த்ததும் அவள் பதறிப்போனாள். மஞ்சளும் வேப்பெண்ணெயும் காய்ச்சி எடுத்துவந்து, காலைத் தன் மடிமேல் வைத்துத் தடவினாள். "மலையில எங்களுக்கும் இப்படித்தான் நைனா" என்றாள்.

அவர் அவளிடம் கிணற்றுக் கதையைச் சொன்னார். அவளிடமே! அந்த மூன்று கேள்வியையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, "இப்படிக் கூடக் கேப்பாங்களாமே?" என்றார். அவள் முகத்தில் ஒரு சுளிப்பு வரவேண்டுமே? இல்லை. "பாவம் நைனா, வயசான காலத்துல" என்றாள். நான் உள்ளே போய்விட்டேன்.

கால் ஆற எட்டு நாளாயிற்று. அந்த எட்டு நாளும் அவள் தினம் இரண்டு வேளை மருந்து போட்டாள். ஒன்பதாம் நாள் நைனா புதுச் செருப்பு ஒன்று வாங்கினார். அதைப் போட்டுக்கொண்டு முதலில் நடந்து போனது யானைக்கவுனிக்கு.

சனிக்கிழமை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இந்தாம்மா, உனுக்குப் பிரசவம் வரப்போவுது. ஒரே ரூம்புல எப்பிடிச் சமாளிப்பே? பின்னாடி ரூம்பு காலியானா உனுக்குத்தான். ஓனராண்ட சொல்லிட்டு வந்துட்டேன்" என்றார். எவ்வளவு அன்பு பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் எல்லாரையும் கூட்டினார். செல்லம்மாவும் மகள் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். ஒரு மாதம் என்று சொன்னது இரண்டு மாதத்துக்குமேல் ஆகிவிட்டது, தண்ணீர் போதவில்லை, வீட்டுச் சொந்தக்காரர் அறையைக் கேட்கிறார் என்று வரிசையாகச் சொன்னார். "நானும் கஷ்டப்பட்டவன்தான், எனக்குத் தெரியாததா? அத்தொட்டுதான் இத்தினி நாளு பொறுத்துக்கினேன். இதுல ஆருக்கானா ஆட்சேபண இருந்தா இப்பவே சொல்லிடுங்க" என்றார்.

செல்லம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். மற்றவர்கள் குழாயைப் பார்த்தார்கள். நான் என் வயிற்றைப் பார்த்துக்கொண்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு அந்த அறை வேண்டியிருந்தது.

"நைனா, ரூமு வேணாம். நடையில ஒரு ஓரமாக் கெடக்கோம். இந்த விலாசத்த விட்டுட்டுப் போகச் சொல்லாதீக. அவுக வந்து தேடுவாகளே" என்றாள்.

"விலாசத்த ஆரு தூக்கிக்கினு போவப் போறாங்க? அது இங்கியேதான் இருக்கும்" என்றார் நைனா. ரொம்பப் பரிவாகத்தான் சொன்னார்.

மறுநாள் காலை கிளம்பினாள். எண்ணூர் உப்பளத்தில் வேலை இருக்கிறதாம், தங்க ஒரு குடிசையும் இருக்கிறதாம். "அவுக வந்தா எண்ணூருன்னு சொல்லிரு தங்கச்சி. வேற ஒண்ணும் வேணாம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். வாசலில் நைனாவைப் பார்த்து நின்றாள். அவர் காலைப் பார்த்தாள். "நல்ல செருப்பு நைனா. இன்னொரு தடவ ஓடவேண்டி வந்தா கடியாரத்தை விட்டுட்டு இதைப் பத்திரமா வச்சுக்கங்க" என்றாள். குத்தலாகச் சொல்லியிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அவள் அக்கறையாகத்தான் சொன்னாள்.

எண்ணூர் ரொம்பத் தூரமில்லை, ரயில் ஏறினால் அரைமணி. நான் ஒரு நாளும் போய்ப் பார்க்கவில்லை.

ஆகஸ்டில் எனக்குப் பையன் பிறந்தான், பின்னறையில். அக்டோபர் மழையில் ஒரு நாள் பகல், வாசலில் ஓர் ஆள் வந்து நின்றார். எலும்பும் தோலுமாக, காலில் சாக்குத் துணி சுற்றியிருந்தது. கையில் ஒரு கார்டு. அஸ்ஸாமில் ஏதோ ஆஸ்பத்திரியில் மாசக்கணக்கில் கிடந்தாராம். "செல்லம்மான்னு... ஒரு பொம்பளப் புள்ளயோட..." என்று கேட்டார்.

நைனா வாசலில் உட்கார்ந்திருந்தார். "செல்லம்மாவா? அப்பிடி ஆரும் இங்க இல்லியேப்பா" என்றார். பொய் சொல்லவில்லை. அவருக்கு அந்தப் பேர் நிஜமாகவே தெரியாது. அந்த ஆள் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் படியிறங்கிவிட்டார். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் அவரைக் கூப்பிட்டேன், பின்னறையில் இருந்தவளைத்தான் கேட்கிறார் என்று நைனாவிடம் சொன்னேன். அந்த ஒன்றையாவது செய்தேன்.

"அட, நம்ம ரங்கோன்காரி!" என்று நைனா எழுந்தார். எழுந்தவர் அந்த ஆளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கதறினார். மோர் கொடுத்தார். சாக்குத் துணியை அவிழ்த்துக் காலைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தன் காலிலிருந்த செருப்பைக் கழற்றி அவருக்கு மாட்டிவிட்டார். அந்த நிமிஷம் அவர் மனசில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஏதோ இருந்தது.

எண்ணூர் என்று சொன்னேன். வழி சொன்னேன். அந்த ஆள் மழையில் வடக்கே போனார். அவர்கள் சேர்ந்தார்களா, உப்பளத்தில் அவள் அதுவரை இருந்தாளா, ஒன்றும் தெரியாது. யாரும் திரும்பி வந்து சொல்லவில்லை. எதற்கு வருவார்கள்?

அன்று சாயங்காலமே நைனா கமிட்டியில் கதையை ஆரம்பித்துவிட்டார். அன்றைக்கே அது படகிலும் மலையிலும் விறகு அறையிலும் ஆரம்பிக்காமல், சாக்குத் துணி சுற்றிய காலில்தான் ஆரம்பித்தது. அந்த ஆள் ராயபுரத்தில் எத்தனையோ வீடு இருக்க எங்கள் வாசலுக்கு ஏன் வந்தார் என்று இத்தனை வருஷத்தில் ஒருவர்கூடக் கேட்டதில்லை.

சிந்து ஜனங்களுக்காகப் போட்ட அந்தத் தெருமுனைக் கூட்டத்தில் மைக்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை என் பக்கம் நீட்டினார். "நான் சொல்றது பொய்யின்னா, தோ, அந்தம்மாவக் கேளுங்க. கூடவே இருந்து பாத்தவங்க. சொல்லும்மா, குடுத்தனா இல்லியா?"

கூட்டம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. பையன் என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான்.

"குடுத்தாருங்க" என்றேன். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பிறகு பையனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, பின்னறைக் கதவைத் திறந்து, அவனைப் படுக்கவைத்தேன்.